கொழும்புக்குப் போட்ட தண்டவாளம்

பாம்பன் ஒரு காலத்தில் ஜங்ஷன். மண்டபத்திலிருந்து கடலைத் தாண்டி வரும் தண்டவாளம் அங்கே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று தங்கச்சிமடம் வழியாக ராமேஸ்வரம் போனது. இன்னொன்று தீவின் நீளத்துக்கும் கிழக்கே ஓடி தனுஷ்கோடியில் முடிந்தது. இரண்டில் எது மெயின் லைன், எது கிளை என்று இன்று யாரைக் கேட்டாலும் ராமேஸ்வரம்தான் மெயின் என்பார்கள். உண்மையில் மெயின் லைன் தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரம் கிளைப்பாதை. 1964 டிசம்பரில் ஒரே ராத்திரிப் புயலில் மெயின் லைன் அழிந்துபோய், கிளை மட்டும் மிஞ்சியது. இன்று நாம் பயணம் செய்வது அந்தக் கிளையில்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பாதையின் ஒவ்வொரு ஸ்டேஷனும் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். ராமநாதசுவாமி கோயிலுக்கு வருகிற யாத்திரிகர்களுக்காகக் கடலுக்குள் பாலம் கட்டினார்கள் என்று வண்டிக்காரர்கள் சுற்றுலா வருபவர்களிடம் சொல்வதுண்டு. யாத்திரிகர் கூட்டத்தால் கம்பெனிக்கு வருமானம் வந்தது என்னவோ நிஜம். ஆனால் தென்னிந்திய ரயில்வே கம்பெனி அவ்வளவு இரும்பையும் கல்லையும் கடலில் இறக்கியது கொழும்புக்காக.

மதுரையிலிருந்து மண்டபம் வரை மீட்டர் கேஜ் பாதை 1902-லேயே வந்துவிட்டது. கரை முடிந்த இடத்தில் தண்டவாளமும் முடிந்தது. சென்னை எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் ரயில் அந்த நாளில் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே இறங்கிக் கப்பலேறி, ஓர் இரவு முழுக்கக் கடலில் கிடந்து கொழும்பு சேர வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னாருக்கோ 22 மைல்தான், ஏறக்குறைய 35 கிலோமீட்டர். இந்தப் பக்கம் பாம்பன் கால்வாயில் பாலம், அந்தப் பக்கம் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு ரயில் பாதை, நடுவே சிறிய நீராவிக் கப்பல் என்பது திட்டம். மூன்றும் 1914-இல் ஒன்றாகக் கைகூடின. போட் மெயில் தூத்துக்குடியை விட்டு தனுஷ்கோடிக்குத் திரும்பியது. எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் எடுத்துவிடலாம். கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் முதலில் ஓடின, பிறகு இர்வினும் கோஷனும் வந்தன. ராமர் பாலத்து மணல்திட்டுகள்மேல் தண்டவாளம் போட்டு, கப்பலே இல்லாமல் ரயிலையே இலங்கைக்குள் ஓட்டிவிடலாம் என்ற யோசனைகூட அன்றைக்கு இருந்தது. அது காகிதத்தோடு நின்றுவிட்டது.

இந்தப் பாதையில் அதிகம் பேசப்படாத ஸ்டேஷன் மண்டபம் கேம்ப். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், இறங்குகிறவர்கள் குறைவாக இருக்கும் நிறுத்தம். பெயரில் இருக்கும் ‘கேம்ப்’ ராணுவ முகாமைக் குறிப்பதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதற்காக அமைந்த நோய்த்தடுப்பு முகாம் அது. இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் அதை நடத்தியது. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கங்காணிகள் சேர்த்த குடும்பங்கள் ரயிலில் வந்து இங்கே இறக்கப்படும். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று குறித்த தகரத் துண்டு ஒன்று அவர்கள் கையில் இருக்கும். அம்மைப்பால் குத்தி, காலரா இருக்கிறதா என்று பார்த்து, சில நாள் நிறுத்திவைத்த பிறகுதான் தனுஷ்கோடி வண்டியில் ஏற்றுவார்கள். மலையகத் தமிழர்களில் எத்தனையோ குடும்பங்களின் தாத்தாவும் பாட்டியும் இந்தியாவில் கடைசியாகப் படுத்துறங்கிய இடம் இந்த முகாம். பின்னால் அதே மண்டபம் முகாமில் இலங்கையிலிருந்து வந்த அகதிகள் தங்கவைக்கப்பட்டார்கள். ஒரே ஸ்டேஷன், போனவர்களையும் பார்த்தது, திரும்பி வந்தவர்களையும் பார்த்தது. அங்கே ஒரு கல்வெட்டாவது வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி பாலம்.

பாம்பன் கால்வாய் வடகடலையும் தென்கடலையும், அதாவது பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் சேர்க்கிற இடுக்கு. வாடை வீசும் மாதங்களில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். தொடர்ந்து பாலம் கட்டினால் கப்பல் போக முடியாது. கப்பல் போகும் உயரத்துக்குக் கட்டினால், இந்தத் தட்டைத் தீவில் ரயில் ஏறி இறங்கப் போதிய நீளம் கிடையாது. ஆகவே நடுவில் திறக்கிற ஒரு கண் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) வைக்க வேண்டியிருந்தது.

1911 ஆகஸ்டில் வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24-இல் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 40 அடி நீளமுள்ள 145 எஃகுக் கர்டர்கள் (உத்திரங்கள்) தூணுக்குத் தூண் உட்கார்ந்திருந்தன. கப்பல் போகும் இடத்தில் மட்டும் 225 அடி அகலத்தில் தூக்குப்பாலம். இந்த வகைத் தூக்குப்பாலத்தை உருவாக்கியவர் சிகாகோவைச் சேர்ந்த ஷெர்சர். அவர் பெயராலேயே அது ஷெர்சர் ஸ்பான். அந்த இரும்பு வேலையை இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனி செய்து அனுப்பியது.

ஷெர்சரின் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். சாதாரணத் தூக்குப்பாலம் கதவுக் கீல் மாதிரி ஓர் அச்சில் சுழலும். அத்தனை பாரமும் அந்த ஒரே அச்சில் விழும், அது தேயும். ஷெர்சர் அச்சையே வைக்கவில்லை. பாலத்தின் ஒவ்வொரு சிறகின் பின்பக்கமும், பிள்ளைகள் ஆடுகிற மரக்குதிரையின் அடிக்கட்டை போல வளைந்த பெரிய எஃகுத் துண்டாக முடியும். அந்த வளைவு சமதளமான எஃகுப் பட்டையின்மேல் உருளும். சிறகு பின்னோக்கி உருள உருள, முன்பகுதி மேலே எழும்பும். உருளுவதால் சிறகு முழுவதுமே கால்வாயை விட்டுப் பின்னுக்கும் நகரும். அதனால் செங்குத்தாக நிற்காமல் 81 டிகிரியில் நின்றாலே கப்பலுக்குப் போதுமான வழி கிடைத்துவிடும். உருளும்போது வழுக்காமலிருக்கப் பட்டையில் முட்டுகளும் வளைவில் குழிகளும் உண்டு. இரண்டும் பல்சக்கரம் போல ஒன்றில் ஒன்று உட்காரும்.

ஒரு சிறகின் எடை 400 டன்னுக்கு மேல். அதை மனிதக் கையால் தூக்கினார்கள் என்றால் வியப்பாக இருக்கும். கிணற்று ஏற்றத்தில் துலாவின் பின்பக்கம் கல்லைக் கட்டுவோமே, அதே கணக்குதான். சிறகின் பின்னால் எதிர் எடை வைத்துச் சமன் செய்திருந்தார்கள். சமன் சரியாக இருந்தால், கை வேலை உராய்வையும் காற்றையும் வெல்வதற்கு மட்டும்தான். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், மொத்தம் பன்னிரண்டு பேர் பல்சக்கரங்களோடு இணைந்த கைப்பிடிகளைச் சுற்றிச் சுற்றித் திறப்பார்கள். மோட்டார் கிடையாது. நூறு வருடத்துக்கு மேல் இப்படித்தான் நடந்தது.

பாலம் திறப்பதென்றால் நினைத்த நேரத்தில் திறந்துவிட முடியாது. கப்பல்காரர்கள் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் பதிந்து பணம் கட்ட வேண்டும். துறைமுகம் ரயில்வேக்குச் சொல்லும். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே வண்டி இல்லாத நேரம் பார்த்து ரயில்வே அனுமதி தரும். அதற்குள் நீவாடு தோதாக இருக்க வேண்டும். காற்றும் ஒத்துழைக்க வேண்டும். அதுவரை கப்பலும் இழுவைப்படகும் உயரமான கம்பம் வைத்த விசைப்படகுகளும் வடகடலிலோ தென்கடலிலோ நங்கூரம் போட்டுக் கிடக்கும். நாலைந்து சேர்ந்த பிறகே திறப்பார்கள். திறந்ததும் முதலில் பெரியது, பின்னால் விசைப்படகுகள் வரிசையாகப் போகும். வல்லங்களுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இந்தக் கஷ்டம் இல்லை. அவை எந்தக் கண்ணிலும் நுழைந்துவிடும்.

மூடுவதுதான் நுட்பமான வேலை. இரண்டு சிறகின் நுனியும் நடுவில் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி நின்றால் தண்டவாளத்தில் படி விழும், சக்கரம் அதில் இடிக்கும். வெயிலில் எஃகு நீளும். மதியம் மூடுவதும் விடியற்காலையில் மூடுவதும் ஒன்றல்ல. நடுப்பூட்டு விழுந்து, தண்டவாள முனைகள் பொருந்தியதை உறுதி செய்த பின்னரே சிக்னல் கொடுக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் வண்டி அந்த இடத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துதான் போகும்.

இந்த அமைப்பின் பலவீனமும் அதே வளைவில்தான் இருக்கிறது. அத்தனை எடையும் ஒரு மெல்லிய கோட்டில் பட்டையைத் தொடுகிறது. அங்கே உப்பும் மணலும் சேர்ந்தால் எஃகில் குழி விழும். குழியில் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில் துரு உள்ளுக்குள் போகும். பாரம் ஏறி இறங்கும்போது அங்கிருந்தே விரிசல் ஓடத் தொடங்கும். உலகத்திலேயே இரும்பை வேகமாகத் தின்னும் கடற்கரைகளில் பாம்பனும் ஒன்று. ரிவெட் தலைகள், கர்டரின் அடிப்பட்டை, தூணில் கர்டர் உட்காரும் பேரிங் ஆகியவைதான் முதலில் போகும். பழைய பெயின்டைச் சுரண்டி, மணல் பீய்ச்சித் துருவை எடுத்துவிட்டு மறுபடி பூசுவார்கள். பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய இடத்தில் மறுபடி துரு கட்டியிருக்கும். அந்தப் பாலத்தில் வேலை பார்த்த கேங்மேன்களும் பெயின்டர்களும் இல்லாவிட்டால் ஷெர்சரின் மூளையும் இருபது வருடத்தில் கடலில் கிடந்திருக்கும்.

1964 டிசம்பர் 22 இரவு. அந்தமான் பக்கத்தில் உருவான புயல் இலங்கையைக் கடந்து பாக் நீரிணைக்குள் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் 653-ஆம் எண் பாசஞ்சர் இரவு 11.55-க்குக் கிளம்பியது. பதிவானபடி 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குச் சில நூறு கெஜம் முன்னால் சிக்னல் விழவில்லை. வண்டி நின்றது. ஊதிப் பார்த்தும் பதில் வராததால் டிரைவர் இருட்டில் மெல்ல நகர்த்தினார். அப்போது எழும்பிய கடல் வண்டியை அப்படியே மூடிக்கொண்டது. யாரும் பிழைக்கவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் இன்னும் அதிகம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஊரும் போனது. தபால் நிலையம், தேவாலயம், ரயில்வே கட்டடங்கள், படகுத்துறை எல்லாம் சிதைந்தன. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று தனுஷ்கோடியை அரசு அறிவித்தது. மெயின் லைன் அத்தோடு முடிந்தது.

பாம்பன் பாலத்தில் 126 கர்டர்கள் கடலில் விழுந்தன. தூண்கள் நின்றன, ஷெர்சர் ஸ்பானும் நின்றது. இது தற்செயல் இல்லை. கர்டர்கள் தூண்மேல் உட்கார்ந்திருந்தவை. கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் அலை மோதும்போது அவற்றின் சொந்த எடை போதவில்லை. தூக்குப்பாலத்தின் சிறகுக்கோ எதிர் எடையோடு சேர்த்து நானூறு டன் பாரம், அதை அலையால் அசைக்க முடியவில்லை.

சீரமைப்புக்கு ஆறு மாதம் ஆகும் என்று ரயில்வே கணக்குப் போட்டது. அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பு முப்பத்திரண்டு வயது இளம் பொறியாளரான இ. ஸ்ரீதரனிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவர்தான். புதுக் கர்டர்களை நாடு முழுக்கத் தேடிக் கொண்டுவருவதுதான் முதல் திட்டம். அதற்குள் கர்டர்கள் கடலடியில் கிடக்கும் சேதி மீனவர்கள் வழியாக வந்தது. கிடக்கும் இடம் தெரிந்தால் தூக்கிவிடலாம், தூக்கினால் தூணில் ஏற்றிவிடலாம். அதற்கென்றே தூக்கும் ஏற்பாடுகளைச் செய்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். 46 நாளில் பாலத்தில் வண்டி ஓடியது. ஸ்ரீதரனின் பெயர் எல்லோருக்கும் தெரியும். கடலடியில் கர்டர் எங்கே கிடக்கிறது என்று காட்டிய மீனவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

போட் மெயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. இர்வின் கப்பல் ராமானுஜம் என்று பெயர் மாறி, ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 1980-களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. 1988 அக்டோபர் 2-இல் ரோட்டுப்பாலம் திறந்தது. அதற்கு முன்னால் தீவுக்குத் தரைவழித் தொடர்பு இந்த ரயில் பாலம் ஒன்றுதான். அரிசி, மீன், நோயாளி, கல்யாண வீட்டுச் சாமான் என எல்லாமும் இதன்மேல்தான் போய்வந்தன.

மீட்டர் கேஜ் பிராட் கேஜாக மாறியது 2007 ஆகஸ்டில். பாலத்தை அப்படியே விட்டுவிட்டு ராமநாதபுரத்தோடு பிராட் கேஜை நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் அதற்கு முன் இருந்தது. ஐஐடி சென்னையின் உதவியோடு கர்டர்களையும் ஷெர்சர் ஸ்பானையும் பலப்படுத்தி அகலப்பாதையை ஏற்றினார்கள். 1914-இல் மீட்டர் கேஜ் எஞ்சினுக்காகக் கணக்கிட்ட இரும்பு, அதைவிடக் கனமான வண்டிகளைப் பதினைந்து வருடம் தாங்கியது. 2013-இல் நங்கூரம் நிற்காமல் காற்றில் அடித்துவரப்பட்ட ஒரு பெரிய மிதவை தூணில் மோதியது. 2018 டிசம்பரில் ஷெர்சர் ஸ்பானில் விரிசல் தெரிந்து மூன்று மாதம் போல ரயில் நின்றது. அதன் பின் சென்சார்கள் பொருத்திக் கண்காணித்தார்கள். 2022 டிசம்பர் 23-இல் அதிர்வு எச்சரிக்கை வந்து நிறுத்தியதுதான் கடைசி. பழைய பாலத்தில் அதற்குப் பிறகு பயணிகள் ரயில் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் இறங்கிப் பஸ் பிடித்தார்கள் பயணிகள்.

புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. ரயில்வேயின் கட்டுமான நிறுவனமான ஆர்.வி.என்.எல். கட்டியது. 18.3 மீட்டர் கண்கள் 99, நடுவில் 72.5 மீட்டரில் தூக்கும் கண் ஒன்று. கண் நீளம் கூடியதால் தூண்களின் எண்ணிக்கை குறைந்தது. பழையதைவிட மூன்று மீட்டர் உயரம். இங்கே உருளும் சிறகு இல்லை. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 660 டன் கண் முழுவதும் லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. கம்பிவடங்கள் கோபுர உச்சியின் சக்கரங்களில் ஏறி, மறுமுனையில் எதிர் எடையோடு தொங்குகின்றன. பழைய ஏற்றத்துக் கணக்கு இங்கேயும் மாறவில்லை. மோட்டார் வைத்ததால் ஐந்தாறு நிமிடத்தில் முழு உயரத்துக்கும் எழும்பிவிடுகிறது.

இதற்கு என்று தனி நோவு உண்டு. நான்கு மூலையும் ஒரே வேகத்தில் ஏறி இறங்க வேண்டும். ஒரு பக்கத்து வடம் கொஞ்சம் நீண்டாலோ, சக்கரத்தில் உராய்வு கூடினாலோ, மோட்டார்கள் இம்மி பிசகினாலோ கண் சாய்ந்து வழிகாட்டிச் சட்டத்தில் இறுகிக்கொள்ளும். சாய்வு அளவு மீறினால் தானாக நின்றுவிடும்படிதான் அமைத்திருப்பார்கள். திறப்பு விழா அன்றே இறக்கும்போது ஒரு பக்கம் சமன் பிசகி நின்று, பிறகு சரிசெய்யப்பட்டது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதுதான் இந்த எந்திரத்தின் பாதுகாப்பு. நான் கவலைப்படுவது வேறு: பராமரிப்பு. கலவைப் பூச்சும் துருப்பிடிக்காத கம்பியும் போட்டிருக்கிறார்கள், நல்லது. வடங்களுக்குக் கிரீஸ் தடவுவதும், ஒவ்வொரு வடத்தின் இழுவையையும் அளந்து சமப்படுத்துவதும் எவரும் படம் எடுக்காத வேலைகள். பாம்பனின் உப்புக்காற்று அவை ஒரு பருவம் தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும் விதி இன்றும் உண்டு.

பார்க்க வருகிறவர்களுக்கு: மானாமதுரையில் ஏறினால் பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம் வரை கருவேலமும் வயலும்தான். வாலாந்தரவை தாண்டி உச்சிப்புளி வந்ததும் பனையும் மணலும் தொடங்கும். மண்டபம் தாண்டிப் பாலம் ஏறும்போது இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் தென்கடல். ஒரு பக்கம் கண்ணாடி போலவும் மறுபக்கம் நுரையாகவும் இருந்தால் எந்தக் காற்றுக் காலம் என்று அதிலேயே சொல்லிவிடலாம். பாலத்தைவிட்டு இறங்கியவுடன் வருகிற பாம்பன் ஸ்டேஷனில் எல்லோரும் செல்போனை உள்ளே வைத்துவிடுகிறார்கள். வைக்க வேண்டாம். தனுஷ்கோடி வண்டி பிரிந்துபோன இடம் அதுதான். ராமேஸ்வரம் ரோடு என்ற இடமும் அந்தப் பழைய பாதையில்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து அங்கேதான் பத்திரிகைக் கட்டுகளை வீசினார்கள். பொறுக்கி எடுத்து விநியோகிக்க உதவிய சிறுவன் அப்துல் கலாம்.

தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட 2019 மார்ச் 1-இல் அடிக்கல் நாட்டினார்கள். பாம்பனிலிருந்து அல்ல, ராமேஸ்வரத்திலிருந்து புதுப் பாதை. தண்டவாளம் வரவில்லை. மணல் நகரும் அந்த முனையில் தண்டவாளம் தேவையா என்பதில் எனக்கும் தயக்கம் உண்டு. அங்கே மிஞ்சியிருக்கும் ஸ்டேஷன் சுவரையாவது காப்பாற்ற வேண்டும் என்பதில் தயக்கமே இல்லை. பவளக்கல்லும் செங்கல்லும் கலந்து கட்டிய அந்தச் சுவரைக் கையால் தொட்டால் சுண்ணாம்பு பொடியாக உதிர்கிறது. கல்லில் பவளப்பூச்சி கட்டிய நட்சத்திர வடிவக் கண்கள் தெரிகின்றன. பக்கத்தில் சங்கும் சோழியும் விற்கும் கடைகள், சுவரில் பெயர் கிறுக்கும் ஆட்கள். வேலியோ பலகையோ போதுமானதாக இல்லை.

எதிர்க்கரையில், 1990-இல் போரில் அழிந்த தலைமன்னார் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டுக்கொடுத்தது. 2015 மார்ச் முதல் தலைமன்னார் பியர் ஸ்டேஷனுக்கு ரயில் வந்துபோகிறது. கொழும்பிலிருந்து வரும் வண்டி கடலோரத்தில் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்புகிறது.